சென்னைக்குப் புதிதா? வாயில் பிரிட்ஜ் இருந்தால் இதைப் படித்துவிட்டு டாக்டரிடம் போங்கள்

வளசரவாக்கம், போரூர்ப் பக்கம் வீடு பிடித்து, கேஸ், சிம் கார்டு அலைச்சலெல்லாம் ஓய்ந்த பிறகுதான் பலருக்கும் பல் ஞாபகம் வருகிறது. ஊரில் கட்டிய பிரிட்ஜ் (விழுந்த பல்லின் இடத்தை நிரப்ப, பக்கத்துப் பற்களோடு ஒட்டிய பொய்ப்பல்) லேசாக ஆடும். தெருவுக்குத் தெரு பல் கிளினிக் இருப்பதால் கண்ணில் பட்டதில் ஏறிவிடுவோம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நண்பர் ஒருவர் இப்படித்தான் ஏறினார். எட்டு மாதத்தில் மூன்று தடவை ஒட்டினார்கள், மூன்று தடவையும் காசு வாங்கினார்கள். நாலாவது தடவை பிரிட்ஜோடு பல்லும் முறிந்து கையில் வந்தது. அந்த ஆத்திரத்தில்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேச்சு. யாழ்ப்பாணத்தில் நாம் முரசு என்பது இங்கே ஈறு. சூத்தை என்பது சொத்தை. ‘பல் கட்டணும்’ என்றால், கழற்றி மாட்டும் செட்டா, ஃபிக்ஸ்டா என்று கேட்பார்கள், பிரிட்ஜ் ஃபிக்ஸ்டு. டாக்டருக்குத் தமிழ்நாடு பல் மருத்துவ மன்றப் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள். செலவு கட்டுப்படியாகாதவர்களுக்குக் கோட்டை ரயில் நிலையத்தின் அருகே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது, 1953 முதல் இயங்குவது; காலையிலேயே போய் ஓ.பி. (வெளிநோயாளர்) சீட்டு வாங்கிவிட வேண்டும். ஊரில் பிரிட்ஜ் போட்ட டாக்டரிடம் பழைய எக்ஸ்ரே, என்ன உலோகம், எந்தப் பல்லுக்கு வேர் சிகிச்சை நடந்தது என்பதையெல்லாம் வாட்ஸ்அப்பில் வாங்கி வையுங்கள். இங்குள்ள டாக்டருக்குப் பல்லை மூடியிருக்கும் தொப்பிக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது.

இனி விஷயத்துக்கு வருவோம். மூன்று பல் பிரிட்ஜில் இரு ஓரமும் செதுக்கிய பல்லின் மேல் ஆளுக்கொரு தொப்பி, நடுவில் தொங்கும் பொய்ப்பல். மூன்றும் ஒரே துண்டு. அதனால் ஒரு பக்கம் சிமெண்ட் விட்டுப்போனாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும், பிரிட்ஜ் விழாது. நண்பர் ஏமாந்தது இங்கேதான். ஒவ்வொரு கடிக்கும் விட்டுப்போன தொப்பி இம்மியளவு ஏறி இறங்கி, எச்சிலையும் சாப்பாட்டுச் சாற்றையும் பம்ப் மாதிரி உள்ளே இழுக்கும். எனாமல் செதுக்கப்பட்ட பல் அதில் ஊறி, சுரண்டினால் ஈரச் சாக்பீஸ் போல உதிரும் அளவுக்கு மெத்தென்று ஆகிவிடும். வேர் சிகிச்சை செய்த பல்லாக இருந்தால் நரம்பில்லை, வலியும் வராது. எக்ஸ்ரேயில் தொப்பி மறைத்துக்கொள்ளும், விளிம்பை ஒட்டிய சொத்தைதான் தெரியும், ஜிர்கோனியா என்ற வெள்ளைப் பீங்கான் வகைத் தொப்பியும் அப்படியே.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி முன் நின்று, எச்சில் ஈரம் இருக்கும்போதே பிரிட்ஜை விரலால் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். விளிம்பில் பொடிக் குமிழ் கிளம்பினால் அந்தப் பக்கம் சிமெண்ட் போய்விட்டது. அந்த இடத்தில் விட்டு எடுத்த ஃப்ளாஸை (பல்லிடுக்கைச் சுத்தம் செய்யும் நூல்) மோந்தால் அழுகல் வாடை அடிப்பதும் கெட்ட அறிகுறி.

கழற்றாமல் ஓரத்தில் சிமெண்டைத் திணித்து ‘சரியாயிடுச்சு’ என்பவரிடம் காசு கொடுக்காதீர்கள். பிரிட்ஜ் முழுசாக வெளியே வந்து, பல் வெறுமையாகத் தெரிய வேண்டும். தட்டிக் கழற்றும்போது பீங்கான் சிதறலாம், உள்ளே பல்லும் முறியலாம். அதனால் பிடித்திருக்கும் தொப்பியை வெட்டி எடுக்கவும் நேரும். அப்படியானால் புது பிரிட்ஜ்தான், செலவை முன்பே கேளுங்கள். முழுசாக வந்துவிட்டால், பழைய சிமெண்டைச் சுரண்டி, உட்புறத்தை 50 மைக்ரான் அலுமினியம் ஆக்சைடு தூளால் ஊதிச் சுத்தம் செய்ய வேண்டும். சொத்தையை எடுத்த பிறகு ஈறுக்கு மேல் சுற்றிலும் ஏறக்குறைய 2 மி.மீ. நல்ல பல் மிஞ்ச வேண்டும். இல்லையென்றால் எந்தச் சிமெண்டும் நிலைக்காது. சிமெண்ட் இல்லாமல் ஒருமுறை மாட்டி விளிம்பு பொருந்துகிறதா என்று பார்த்து, பஞ்சு வைத்து ஈரம் எடுத்த பிறகே கிளாஸ் அயனோமர் என்ற சிமெண்டைப் போட வேண்டும். இந்த நேரத்தில் எச்சில் பட்டால் வேலை கெட்டது. கிராம்பு வாசம் வந்தால் அது யூஜினால் கலந்த தற்காலிக சிமெண்டாக இருக்கும், கேட்டுவிடுங்கள். நடுப்பல்லின் அடியில் வழிந்த சிமெண்டை எடுக்கச் சொல்லி, 24 மணி நேரம் அந்தப் பக்கம் கடினமாக எதையும் கடிக்காதீர்கள்.

பீங்கான் மட்டும் சின்னதாகப் பெயர்ந்தால் தேய்த்து வழவழப்பாக்கினால் போதும். உலோகம் தெரிந்தால் காம்போசிட் (பல் நிறத்து அடைப்புப் பொருள்) வைத்து மூடலாம், ஆனால் அது நெடுநாள் நிற்காது. பிரிட்ஜ் கழன்று விழுந்தால் கழுவி ஒரு டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஃபெவிக்விக் பசை வேண்டவே வேண்டாம்: பிரிட்ஜ் கோணலாக உட்காரும், ஈறும் புண்ணாகும். ஆடும் பிரிட்ஜோடு தூங்கவும் கூடாது, மூச்சுக்குழாயில் இறங்கிவிடலாம்.

தினமும் ஒரு தடவை நடுப்பல்லின் அடியில் நூல் போக வேண்டும். சாதாரண ஃப்ளாஸ் மேலிருந்து இறங்காது. பிரிட்ஜுக்கு ஏற்ற சூப்பர் ஃப்ளாஸ் என்ற நூலின் விறைத்த முனையைக் கன்னத்துப் பக்கமிருந்து நுழைத்து நாக்குப் பக்கம் இழுத்து, பஞ்சுப் பகுதியால் பொய்ப்பல்லின் அடியை முன்னும் பின்னும் துடைத்து, பிறகு இரு தாங்குபல்லையும் அணைத்து ஈறோரம் வரை தேயுங்கள். பல்லிடுக்கு பிரஷ் வாங்கினால், கம்பி வளையாமல் நுழையும் அளவு பார்த்து வாங்குங்கள். பொங்கல் நேரத்தில் இங்கேயும் பனங்கிழங்கு விற்பார்கள், ஊர் நினைப்பில் வாங்கத்தான் செய்வோம். அதன் நார் நடுப்பல்லின் அடியில்தான் போய்ச் சுருண்டு கிடக்கும். அன்று இரவே நூல் போட்டு எடுத்துவிடுங்கள்.