கார்பன் ஃபைபர் பாகங்கள்: ஆர்.சி. கார் வைத்திருப்பவர்கள் மேசையிலேயே செய்துவிடும் தவறுகள்

ரிமோட்டில் ஓடும் ஆர்.சி. காரில் ஷாக் அப்சார்பரைத் தாங்கும் ஷாக் டவர் உடைந்தால் மோதிய சுவரைத்தான் திட்டுவோம். உடைந்த துண்டைத் திருப்பிப் பாருங்கள். பல நேரம் விரிசல் ஸ்க்ரூ ஓட்டையிலிருந்து கிளம்பியிருக்கும். இழை அடுக்குகளைப் பிசினால் ஒட்டிச் செய்த கார்பன் ஃபைபரை அலுமினியம் என்று நினைத்து வேலை செய்வதால் வரும் வினை இது. அலுமினியத்துக்கு விசை அதிகமானால் வளைந்து காட்டும், நாமும் சுதாரித்துக்கொள்ளலாம். கார்பன் தாங்குகிற வரை தாங்கிவிட்டுப் பட்டென்று முறியும்.

இருப்பதிலேயே மோசமான பழக்கம், அறுக்கும்போது விழும் கருப்புத் தூளை வாயால் ஊதித் தள்ளுவது. ஓர் இழையின் தடிமன் 5 முதல் 7 மைக்ரான்தான். அறுத்த தூள் தொண்டையை உறுத்தும், தோலில் ஏறினால் நாள் முழுக்க அரிக்கும். துணி மாஸ்க் போதாது. என்95 அல்லது அதற்கு மேல் வேண்டும், கூடவே கண்ணாடியும் கையுறையும். தண்ணீர் விட்டு விட்டு அறுத்தால் தூள் பறக்காது. முடிந்ததும் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள்.

இன்னொரு சிக்கல், அந்தத் தூளில் மின்சாரம் பாயும். ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாக்க வேண்டும் என்பதற்காக, பாகத்தைக் கழற்றச் சோம்பல்பட்டு காரில் வைத்தபடியே ட்ரில் போடுகிறவர்கள் உண்டு. தூள் இ.எஸ்.சி. (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்துவது), ரிசீவர் (ரிமோட் சிக்னலை வாங்குவது) பலகைகளின் மேல் படிந்தால் ஷார்ட் ஆக வழி கிடைத்துவிடும். நாலு ஸ்க்ரூதானே, கழற்றிவிடுங்கள்.

தூள் மட்டுமா, காரின் அடித்தளமான சேசிஸ் தட்டிலும் மின்சாரம் பாயும். பேட்டரி ஒயரின் சிலிகான் உறை மிருதுவானது. தட்டின் அறுத்த விளிம்பு கூர்மையானது. ஒவ்வொரு குலுக்கலிலும் உறை கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். ஒரு ஒயர் மட்டும் செம்பு தெரியத் தேய்ந்து தட்டைத் தொட்டால் ஒன்றும் நடக்காத மாதிரியே கார் ஓடும். மற்ற ஒயரும் எங்காவது தொடும் நாளில் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி தட்டு வழியே ஷார்ட் ஆகும். அதனால் புதுத் தட்டு வந்தவுடன் ஒயர் போகும் இடங்கள், பேட்டரி உட்காரும் பள்ளம், இவற்றின் விளிம்பை அரத்தால் லேசாக மழுக்கி, 400 நம்பர் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்க வேண்டும். காய்ந்ததும் தண்ணீர்போல ஓடுகிற சூப்பர் குளூவை விளிம்பு நெடுகத் தடவினால் அடுக்குகள் பிரியாது. வழிந்த குளூவைப் பருத்தித் துணியால் துடைக்காதீர்கள். சட்டென்று சூடேறிக் கையைச் சுட்டுவிடும்.

ரிசீவர் ஆன்டெனாவைத் தட்டோடு ஒட்டிப் படுக்க வைப்பதும் இதே ரகம். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைக் கார்பன் மறைக்கும். அலையைப் பிடிக்கும் நுனிப் பகுதி, ஏறக்குறைய 3 சென்டிமீட்டர், பிளாஸ்டிக் குழாயில் தட்டுக்கு மேலே நிமிர்ந்து நிற்கட்டும்.

இப்போது ஸ்க்ரூ. தட்டுக்குள் புதையும் எம்3 ஸ்க்ரூவின் கூம்புத் தலை சுமார் 1.7 மி.மீ. உயரம். 2 மி.மீ. தட்டில் அதற்குப் பள்ளம் எடுத்தால் அடியில் மிஞ்சுவது ஒரு சீவல்தான். அதை மின்சார ஸ்க்ரூடிரைவரால் முறுக்கினால் தலை ஆப்பு மாதிரி இறங்கி அடுக்குகளைப் பிளக்கும். மெல்லிய தட்டுக்குக் கூம்பு வாஷர் அல்லது உருண்டைத் தலை ஸ்க்ரூவும் தட்டை வாஷரும் போடுங்கள். கையால் இறுக்குங்கள், பிடித்தவுடன் நிறுத்துங்கள். ஓட்டை போட கார்பைட் பிட்தான் சரி, சாதாரண எச்.எஸ்.எஸ். (அதிவேக எஃகு) பிட் சீக்கிரம் மழுங்கி இழையை வெட்டாமல் பிய்க்கும். அடியில் மரக்கட்டை வைத்துக் கிளாம்ப் போட்டு, பிட் மறுபக்கம் வெளிவரும்போது அழுத்தத்தைக் குறைத்தால் அடிப்பக்கம் சிதறாது.

எல்லா இடத்திலும் கார்பன் மாட்டுவதும் தவறுதான். தாவிக் குதிக்கும் காரின் சக்கரத்தைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஆர்முக்கு நைலானே மேல்; வளைந்து பழையபடி நிமிரும். வாங்கும்போது விளிம்பைப் பாருங்கள்: நடுவில் வெள்ளையோ வெளிர்பச்சையோ தெரிந்தால் உள்ளே கண்ணாடி இழை, மேலே மட்டும் கார்பன். சொல்லி விற்றால் அதில் தப்பில்லை.

ஈரத்தில் ஓட்டுபவர்கள் தட்டுகளை இணைக்கும் அலுமினியத் தூண் கார்பனைத் தொடும் இடத்தை அவ்வப்போது கழற்றிப் பார்க்க வேண்டும். தண்ணீர் தங்கினால் அலுமினியம் அரிக்கப்பட்டு வெள்ளைப் பொடி பூக்கும், உப்புத் தண்ணீர் என்றால் இன்னும் வேகமாக. எபாக்சிப் பசையால் ஒட்டுவதாக இருந்தால் பளபளப்பு போகும்வரை தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகு ஒட்டுங்கள். வழவழப்பின்மேல் ஒட்டியது உரிந்து வரும்.

பலமாக மோதிய பிறகு பாகத்தைக் கழற்றி, நாணயத்தால் வரிசையாகத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் கணீரென்று கேட்கும். அடுக்கு பிரிந்த இடம் மந்தமாகக் கேட்கும். விளிம்பில் நாலு இழை எழும்பியிருந்தால் சூப்பர் குளூ போதும். மந்தமான சத்தம் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றி வந்தால் அந்தப் பாகத்தை மாற்றிவிடுங்கள்.