கலிஃபோர்னியா ஒயின் வாங்கும் முன் லேபிளைப் படியுங்கள்

கலிஃபோர்னியாவின் புகழ்பெற்ற ஒயின் வட்டாரமான நாபாவின் பெயருக்கே தனி விலை உண்டு. கொடுக்கும் காசுக்கு நல்ல சிவப்பு ஒயின் வேண்டுமென்றால் கடை அலமாரியில் லோடை, பாசோ ரோபிள்ஸ் ஆகிய வட்டாரப் பெயர்களைத் தேடுங்கள். லோடையின் முதிர்ந்த கொடிகளில் விளையும் ஜின்ஃபண்டெல் என்ற திராட்சை ரகத்தின் ஒயினை ஒருமுறையாவது சுவைத்துப் பாருங்கள்: கனிந்த பழச்சுவை, அடித்தொண்டையில் லேசான மிளகுக் காரம். எனக்கு அதற்கு ஈடே இல்லை.

'ரிசர்வ்' என்ற சொல்லை நம்பி ஒரு டாலர்கூடக் கூடுதலாகக் கொடுக்காதீர்கள். அமெரிக்கச் சட்டத்தில் அதற்கு வரையறையே கிடையாது. லோடை போன்ற அங்கீகரிக்கப்பட்ட திராட்சை வட்டாரத்தின் பெயர் அப்படியல்ல. அதை லேபிளில் போட்டால் குறைந்தது 85 சதவீதத் திராட்சை அங்கே விளைந்திருக்க வேண்டும். திராட்சை ரகத்தின் பெயரைப் போட அந்த ரகம் 75 சதவீதம் இருந்தால் போதும்.

வெயில் மிகுந்த வட்டாரங்கள் என்பதால் ஆல்கஹால் சற்றுத் தூக்கலாகவே இருக்கும். குடிப்பதற்கு முன் பாட்டிலைக் கால் மணி நேரம் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். எரிச்சல் அடங்கிப் பழமணம் மேலே வரும். கோப்பையில் மூன்றில் ஒரு பங்கு மட்டும் ஊற்றிச் சுழற்றி முகருங்கள். நனைந்த அட்டைப்பெட்டி வாசம் அடித்தால் தக்கையால் கெட்டது. தயங்காமல் கடையில் திருப்பிக் கொடுங்கள்.