எக்ஸ் கதிர் மின்னலின் பின்னொளியைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ் கதிர் மின்னல் சில விநாடிகளோ நிமிடங்களோ பளிச்சிட்டு அடங்கிவிடும். காமா கதிர் வெடிப்பின் இனம்தான். ஆற்றலின் பெரும்பகுதி எக்ஸ் கதிராக வருவதே வேறுபாடு. அது எந்த விண்மீன் மண்டலத்தில் நடந்தது, எவ்வளவு தொலைவில் என்று அறிய, மின்னல் அடங்கிய பின்னும் எஞ்சி, மங்கிக்கொண்டே போகும் ஒளியான பின்னொளியைப் பிடித்தாக வேண்டும். தவறவிட்டால் மறுபடி கிடைக்காது.

அந்த அவசரத்தில்தான் ஒரே படத்தை வைத்து முடிவு கட்டுகிறார்கள். பெப்போசாக்ஸ் செயற்கைக்கோளின் அகலப்புலக் கேமராக்கள் இடத்தைச் சில ஆர்க்மினிட் (ஒரு பாகையின் அறுபதில் ஒரு பங்கு) துல்லியத்தில்தான், ஒரு வட்டமாகச் சொல்லின. அந்த வட்டத்தைச் சந்திரா எக்ஸ் கதிர் தொலைநோக்கியால் பார்த்தால் பல புள்ளிகள் தெரியும். பெரும்பாலானவை தொலைதூர மண்டலங்களின் மையக் கருந்துளைகள். நடுவில் இருப்பதோ பளிச்சென்று இருப்பதோ சான்றாகாது. மங்குகிறதா என்று பார்க்க வேண்டும்.

எப்போது மறுபடி பார்ப்பது? என் கணிப்பில் அதிகம் பேர் சறுக்குவது இங்கேதான். பின்னொளியின் பிரகாசம் ஏறத்தாழ காலத்துக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று வைத்துக்கொள்வோம். மின்னலுக்குப் பின் 24ஆவது மணியில் 30 ஃபோட்டான்கள் (ஒளித்துகள்கள்) கிடைத்தன. 30ஆவது மணியில், அதே அளவு நேரம் பார்த்தால், 24 கிடைக்கும். வித்தியாசம் 6, ஆனால் எண்ணிக்கையின் இயல்பான ஏற்ற இறக்கமே ஏழுக்கு மேல். இதை வைத்து எதுவும் சொல்ல முடியாது. நான்காம் நாள் வரை பொறுத்தால் ஏழெட்டுதான் மிஞ்சும். அப்போது சந்தேகத்துக்கு அதிக இடமில்லை. கூட்டல் கணக்கில் காத்திருக்காதீர்கள், பெருக்கல் கணக்கில் காத்திருங்கள்.

மங்கினால் மட்டும் போதும் என்றும் நினைக்க வேண்டாம். 1998 ஏப்ரல் 25 காமா கதிர் வெடிப்பின் வட்டத்தில் பெப்போசாக்ஸ் இரண்டு புள்ளிகளைக் கண்டது. மங்கியதைத்தான் முதலில் பின்னொளியாகச் சந்தேகித்தார்கள். அந்த வெடிப்போடு சேர்ந்ததாகப் பின்னர் ஏற்கப்பட்ட சூப்பர்நோவா 1998பிடபிள்யூ இருந்ததோ மற்றொன்றின் இடத்தில். கருந்துளைகளும் கூடிக் குறையும், சிறு விண்மீன்களும் திடீரென வெடித்து ஒளிரும். ஒளியியல், ரேடியோ தரவுகளோடு பொருத்திப் பாருங்கள்.

“ரோசாட் பட்டியலில் இல்லை, ஆகவே புதியது” என்பது இன்னொரு வழுக்கல். ரோசாட் என்ற எக்ஸ் கதிர் செயற்கைக்கோளின் முழுவானக் கணக்கெடுப்பு 1990களின் தொடக்கத்தில் நடந்தது. அதன் எல்லைக்குக் கீழே மங்கலாக இருந்தவை எத்தனையோ. உங்கள் புள்ளி அந்த எல்லையைவிடப் பிரகாசமாக இருந்தால் மட்டுமே அந்த வாதம் நிற்கும்.

ஸ்விஃப்ட் செயற்கைக்கோள் ஒன்றரை நிமிடம்போல எடுத்துக்கொண்டு வெடித்த இடத்தின் பக்கம் திரும்பிவிடுவதால், பின்னொளி மிகப் பிரகாசமாக இருக்கும்போதே படம் வந்துவிடும். அப்போது இரண்டு ஃபோட்டான்கள் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழுந்து, அதிக ஆற்றல் கொண்ட ஒன்றாகப் பதிவாகும். புள்ளி உள்ளதைவிட மங்கலாகவும் நிறமாலை கடினமாகவும் (அதிக ஆற்றல் பக்கம் சாய்ந்ததாகவும்) தெரியும். மென்மையான எக்ஸ் கதிர்தான் இந்த மின்னலுக்கு அடையாளம் என்பதால் இந்தப் பிழை விஷயத்தையே மாற்றிவிடும். நடுப்பகுதியை விலக்கி, சுற்றுவளையத்தில் மட்டும் எண்ணுங்கள்.

முதல் சில மணி நேரத்தில் ஒரு புள்ளி நடுவே சற்றுப் பிரகாசமானால் உடனே ஒதுக்கிவிட வேண்டாம். பின்னொளிகளில் திடீர் எழுச்சிகள் சாதாரணம்.

சந்தேகப் புள்ளி கிடைத்தால் இடத்தையும் அதன் பிழையையும் பார்த்த நேரத்தையும் சேர்த்து, “உறுதியாகவில்லை” என்ற குறிப்போடு அன்றே மற்றக் குழுக்களுக்கு அனுப்பிவிடுங்கள். 2001 அக்டோபர் 30 மின்னலுக்கு ரேடியோவும் சந்திராவும் ஒரே இடத்தைக் காட்டியதால்தான், ஹபிள் அங்கே திரும்பி அதன் தாய் மண்டலத்தைப் பார்க்க முடிந்தது.