கொலுசுக் கடை முதல் ஏற்காடு ஹோம்ஸ்டே வரை: சேலத்து வெப் டிசைனர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் வெப் டிசைன் வேலை என்றால் பெரும்பாலும் சின்னச் சின்ன வேலைதான். செவ்வாய்ப்பேட்டையில் வெள்ளிக் கொலுசுப் பட்டறை வைத்திருப்பவர், ஆத்தூர் பக்கம் ஜவ்வரிசி ஆலை நடத்துபவர், அம்மாப்பேட்டையில் பட்டு நெய்யும் குடும்பம், ஏற்காட்டில் காபித் தோட்டத்துக்குள் நாலு அறை கட்டி ஹோம்ஸ்டே நடத்துபவர். ஐந்து பக்கம், மிஞ்சினால் பத்துப் பக்கம். செலவு கையைக் கடிக்கக் கூடாது, கொடுத்துவிட்டு வந்த பிறகும் வருஷக்கணக்கில் ஓட வேண்டும்.

இந்த வேலையில் திரும்பத் திரும்பக் கண்ணில் படும் தவறுகளுக்கெல்லாம் வேர் ஒன்றுதான் என்று நினைக்கிறேன். சைட்டைத் திறக்கப்போகும் ஆளை மறந்துவிட்டு, அதைப் பார்த்துப் பாராட்டப்போகும் இன்னொரு டிசைனரை மனதில் வைத்து வேலை செய்கிறோம்.

பெரிய மானிட்டரில் மட்டும் பார்ப்பது

நமக்கு முன்னால் இருப்பது பெரிய மானிட்டர், அறைக்குள் ஃபைபர் கனெக்‌ஷன். ஹோம்ஸ்டே தேடுகிறவரோ அடிவாரத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில் இருக்கிறார். மொத்தம் 20 கொண்டை ஊசி வளைவுகள். ஒரு வளைவில் சிக்னல் வரும், அடுத்த வளைவில் போய்விடும். அவர் கையில் இருப்பது மூன்று வருஷத்துக்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன். அந்தப் போனில் முகப்புப் பக்கத்தில் ட்ரோன் வீடியோ ஓட வேண்டும், அதன் கீழே ஐந்து படம் ஸ்லைடரில் சுழல வேண்டும் என்று நாம் கேட்கிறோம். போன் கேமராவிலிருந்து எடுத்து அப்படியே ஏற்றிய படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். அவர் காத்திருக்க மாட்டார். அடுத்த ஹோம்ஸ்டேக்குப் போய்விடுவார்.

கூகுள் இதற்கு ஒரு அளவுகோல் வைத்திருக்கிறது. பக்கத்தின் முக்கியமான பகுதி 2.5 விநாடிக்குள் தெரிய வேண்டும், தொட்டால் 200 மில்லிவிநாடிக்குள் பக்கம் பதில் காட்ட வேண்டும், ஏற்றும்போது பக்கம் இடம் மாறுவது 0.1 என்ற மதிப்புக்குள் இருக்க வேண்டும். மூன்றாவதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். படத்துக்கு அகலமும் உயரமும் எழுதாமல் விட்டால், படம் வந்து சேர்ந்ததும் கீழே இருப்பதெல்லாம் நகரும். 'அழைக்க' பட்டனைத் தொடப்போன விரல் வேறெதையோ தொட்டுவிடும். இரண்டு எண்ணை எழுதினால் தீர்ந்துபோகும் விஷயம். படங்களைக் கோப்பளவு குறையும் வெப்பி (WebP) ஃபார்மேட்டுக்கு மாற்றி, போனுக்குச் சின்ன அளவு, கணினிக்குப் பெரிய அளவு என்று தனித்தனியாகக் கொடுங்கள். குரோமில் 'ஸ்லோ 4ஜி' வைத்துச் சோதிக்கலாம். முடிந்தால் ஒரு பழைய போனை எடுத்துக்கொண்டு ஏற்காடு பஸ்ஸில் ஒரு தடவை ஏறிப் பாருங்கள்.

தமிழை ஆங்கிலம் மாதிரியே கையாள்வது

இதுதான் என்னை அதிகம் வருத்தும் தவறு. கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

கடைக்காரர் தரும் வாசகம் பெரும்பாலும் டிடிபி சென்டரிலிருந்து வரும். நோட்டீசுக்கும் பில் புக்குக்கும் பாமினி மாதிரியான பழைய எழுத்துருவில் அடித்தது. அதை ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பையாகத் தெரியும். சிலர் அந்தப் பழைய எழுத்துருவையே சைட்டில் ஏற்றி, தமிழ் தெரிகிற மாதிரி செய்துவிடுகிறார்கள். கண்ணுக்குத் தமிழ், கூகுளுக்குக் குப்பை. வாட்ஸ்அப்பில் பகிர்ந்தாலும் குப்பைதான் போகும். இன்னும் சிலர் ஃப்ளெக்ஸ் பேனரையே படமாக ஒட்டிவிடுகிறார்கள். அதைத் தேட முடியாது, பெரிதாக்கினால் மங்கும், பார்வையற்றவரின் ஸ்கிரீன் ரீடர் வாசிக்காது. எல்லாக் கருவியும் ஒரே மாதிரி புரிந்துகொள்ளும் யூனிகோடு எழுத்துமுறைக்கு மாற்றித்தான் ஆக வேண்டும்.

மாற்றிய பிறகும் வேலை முடியவில்லை. 'கொலுசு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதன் முதல் எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். க-வுக்குப் பின் ஒகரக் குறி ஒன்றே ஒன்று என்பது ஒரு விதம். க-வுக்குப் பின் ஒற்றைக் கொம்பு, அடுத்துத் துணைக்கால் என்று இரண்டு குறியாக வைப்பது இன்னொரு விதம். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். ஆனால் பொருள் பட்டியலில் ஒரு விதமும் வாடிக்கையாளர் தட்டுவது இன்னொரு விதமுமாக இருந்தால், கொலுசுக் கடையின் தேடல் பெட்டியில் கொலுசு என்று போட்டால் 'எதுவும் கிடைக்கவில்லை' என்று வரும். சேமிக்கும் முன்பும் தேடும் முன்பும் வாசகத்தை என்எஃப்சி என்ற ஒரே சீரான யூனிகோடு வடிவத்துக்கு மாற்றினால், அதாவது நார்மலைஸ் செய்தால், இது சரியாகிவிடும். ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு ஒரே ஒரு வரி போதும்.

ஆனால் கை செய்யும் பிழையை எந்த நார்மலைஸும் திருத்தாது. துணைக்காலுக்குப் பதில் ர போடுவது, 'கௌரி' என்பதில் ஔகாரக் குறிக்குப் பதில் கொம்பும் ள-வும் போட்டுக் 'கெளரி' என்று அடிப்பது இரண்டும் டிடிபி வாசகத்தில் சகஜம். உற்றுப் பார்த்தால்கூட வித்தியாசம் பிடிபடாது. கடைப் பெயரிலேயே இப்படி இருந்தால் பெயரைத் தேடுகிறவருக்குக் கடை கிடைக்காமல் போகலாம். கடைப் பெயர், ஊர்ப் பெயர், பொருள் பெயர் இந்த மூன்றையும் நீங்களே கையால் திரும்ப அடித்துவிடுங்கள்.

அடுத்தது வரி இடைவெளி. ஆங்கிலத் தலைப்புக்கு எழுத்தளவைப் போல் 1.2 மடங்கு வைத்தால் அழகாக இருக்கும். தமிழில் மேலே இகர ஈகாரச் சுழி, கீழே உகரத்தின் வால். 'மின்னும் வெள்ளி' என்ற தலைப்பு இரண்டு வரியாக மடங்கினால், மேல் வரியில் உள்ள 'னு'வின் கால் கீழ் வரியின் சுழியில் போய் இடிக்கும். பட்டனுக்குள் வைத்தால் சுழியின் தலை வெட்டுப்படும். பத்திகளுக்கு 1.7, தலைப்புக்கு 1.4-க்குக் குறையாமல் நான் வைக்கிறேன். பட்டனின் அகலத்தையும் ஆங்கிலச் சொல்லை வைத்து முடிவு செய்யாதீர்கள். 'புக் நவ்' நிற்கும் இடத்தில் 'முன்பதிவு செய்யுங்கள்' நிற்காது.

எழுத்துருவுக்கு இப்போது பஞ்சமில்லை. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்த மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் எல்லாமே இலவசம், வணிகத்துக்கும் பயன்படுத்தலாம். தடித்த எழுத்து வேண்டுமென்றால் அந்த எழுத்துருவின் போல்டு கோப்பையும் சேர்த்து ஏற்றுங்கள். இல்லாவிட்டால் பிரவுசர் தானாகவே கோட்டைத் தடிமனாக்கி, ஈகாரச் சுழியை அடைத்துவிடும். சாய்வெழுத்து தமிழுக்கு வேண்டவே வேண்டாம். கோப்பின் அளவைக் குறைக்க எழுத்துருவைக் கத்தரிக்கிறவர்கள் கு, கூ, க்ஷ, ஸ்ரீ நான்கையும் அடித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள். கத்தரிக்கும் கருவி எழுத்துகளைச் சேர்க்கும் விதிகளையும் வெட்டிவிட்டால் முதலில் உடைவது இவைதான். பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பதையும் மறக்காதீர்கள். ஸ்கிரீன் ரீடர் எந்தக் குரலில் வாசிப்பது என்று அதைப் பார்த்துத்தான் முடிவு செய்யும்.

வியாபாரத்தைக் கேட்காமல் டிசைனில் இறங்குவது

கொலுசு வாங்க வரும் மொத்த வியாபாரி கேட்பது எடை எத்தனை கிராம், டச் (வெள்ளியின் தூய்மை) எவ்வளவு, நீளம் எத்தனை அங்குலம், முத்து வைத்ததா வைக்காததா. வெப்சைட்டிலோ கறுப்புப் பின்னணியில் கொலுசு மின்னும், கீழே 'பாரம்பரியத்தின் பெருமை' என்று ஒரு வரி இருக்கும். எடை இருக்காது. வெள்ளி விலை தினமும் மாறுவதால் விலை போடுவதில் பயனில்லை. எடையும் டச்சும் கூலியும் போட்டால் வியாபாரி தானே கணக்குப் போட்டுக்கொள்வார். எல்லா டிசைனையும் வெளியே காட்டப் பட்டறைக்காரர் பயந்தால் அந்தப் பயம் நியாயமானது. பத்து மாதிரியை மட்டும் காட்டிவிட்டு, மீதியை வாட்ஸ்அப்பில் அனுப்ப வழி செய்யலாம்.

ஜவ்வரிசி ஆலைக்கு நிலைமை வேறு. சேலத்து ஜவ்வரிசியில் பெரும்பகுதி வடக்கே போகிறது, மகாராஷ்டிரத்தில் விரத நாள் கிச்சடிக்கு வேண்டும். அந்த சைட்டைப் பார்க்கும் ஆளுக்குத் தமிழ் தெரியாது. அங்கே இந்தியிலும் ஆங்கிலத்திலும் பக்கம் இருந்தாக வேண்டும். 1981-லிருந்து இங்கே இருக்கும் சேகோசர்வ் கூட்டுறவுச் சங்கம் வழியாக விற்கிறாரா, நேரடியாக விற்கிறாரா என்று ஆலைக்காரரை முதலிலேயே கேளுங்கள். நேரடி விற்பனை இல்லாதவருக்கு 'ஆர்டர்' பட்டன் எதற்கு?

ஏற்காடு ஹோம்ஸ்டேக்களில் பனிமூட்டப் படம் நிறைய இருக்கும், வழி இருக்காது. கடைசிக் கிலோமீட்டர் கார் போகுமா, ஜீப்தானா? பஸ்ஸில் வருகிறவர் எங்கே இறங்க வேண்டும்? இரவுச் சாப்பாட்டை எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? வெந்நீர் உண்டா? இந்த நாலு கேள்விக்குப் பதில் முதல் திரைக்குப் பக்கத்திலேயே இருக்கட்டும். மேப்பில் புள்ளி தோட்டத்தின் எந்த கேட்டில் இருக்கிறது என்பதை உரிமையாளரோடு சேர்ந்து சரிபாருங்கள். கோடை விழா சமயத்தில் இருட்டில் தப்பான கேட்டுக்குப் போன குடும்பம் அந்தக் கோபத்தை ரிவ்யூவில்தான் காட்டும்.

கான்டாக்ட் ஃபார்ம் வைத்து அதை யாரும் திறக்காத மெயிலுக்கு அனுப்புவதை விட்டுவிடுங்கள். நம்மூரில் போனும் வாட்ஸ்அப்பும்தான் வியாபாரம். வாட்ஸ்அப் இணைப்பில் எண் 91-ல் தொடங்கிப் பத்து இலக்கத்தோடு முடிய வேண்டும். முன்னால் பூஜ்யமோ கூட்டல் குறியோ சேர்த்தால் வேலை செய்யாமல் போகலாம்.

தேவைக்கு மீறிய டெக்னாலஜி

ஐந்து பக்க சைட்டுக்கு ரியாக்ட் மாதிரியான பெரிய ஜாவாஸ்கிரிப்ட் கருவி தேவையில்லை. எச்டிஎம்எல்லும் சிஎஸ்எஸ்ஸும் இப்போது மிகவும் வளர்ந்துவிட்டன. பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்க உதவும் சிஎஸ்எஸ் கிரிட் 2017-லிருந்து முக்கிய பிரவுசர்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. கேள்வி பதிலை விரித்துச் சுருக்குவதற்கு ஜாவாஸ்கிரிப்ட் ஒரு வரிகூட வேண்டாம். சாதாரணக் கோப்புகளாக எழுதிய சைட்டில் ஹேக் செய்வதற்கும் அதிகம் இருக்காது, அப்டேட் செய்யவும் எதுவும் இருக்காது.

உரிமையாளர் தானே பொருளைச் சேர்த்து நீக்க விரும்பினால் வேர்டுபிரஸ் சரியான தேர்வு. அதில் செய்யும் தவறு, கூடுதல் வசதிக்கான பிளகினைக் குவிப்பது. அதைவிட மோசம் காசு மிச்சம் என்று கிராக் செய்த தீம் போடுவது. அதற்குள் ஹேக்கர் நுழைவதற்கான பின்வாசல் நிரல் பெரும்பாலும் இருக்கும். கொஞ்ச நாள் கழித்துக் கடைப் பெயரைக் கூகுளில் தேடினால் ஜப்பானிய எழுத்தில் நூற்றுக்கணக்கான பக்கங்கள் வரும். அந்த அழுக்கைச் சுத்தம் செய்ய ஆகும் நேரத்தில் இரண்டு புது சைட் செய்துவிடலாம்.

புதிதாகக் கற்றதைப் பரீட்சித்துப் பார்க்கும் இடம் வாடிக்கையாளரின் சைட் இல்லை. அதற்கு நமக்கென்று ஒரு சைட் வேண்டும். ஞாயிறு காலையில் பைனாகுலரோடு சேர்வராயன் மலைக்குப் போவது என் வழக்கம். காபிக்கு நிழல் தரும் சில்வர் ஓக் மரங்களில் செம்மீசைச் சின்னான் கத்திக்கொண்டே இருக்கும். பார்த்த பறவைகளை எழுதி வைக்க ஒரு சின்ன சைட் வைத்திருக்கிறேன். புது சிஎஸ்எஸ் எதுவானாலும் முதலில் அங்கேதான் போகும். உடைந்தாலும் யார் வியாபாரமும் நிற்காது. பொழுதுபோக்கை வெட்டி வேலை என்று ஒதுக்குகிற இளம் டிசைனர்களுக்கு இதை அழுத்தியே சொல்வேன்: வேலைக்கு வெளியே பிடித்த ஒன்று இருந்தால், அதற்கென்று செய்யும் சைட்டில்தான் கை பழகும், ஆசையும் வற்றாது.

பேச்சிலேயே ஒப்புக்கொள்வது

'தம்பி, ஒரு சின்ன சேஞ்ச்தான்' என்று ராத்திரி பத்து மணிக்கு வரும் வாட்ஸ்அப் செய்திக்கு உடனே உட்கார்ந்துவிட்டால், அடுத்த வாரமும் அதே நேரத்துக்கு வரும். எத்தனை பக்கம், எத்தனை தடவை திருத்தம், வாசகமும் படமும் யார் தருவது, எந்தத் தேதிக்குள் என்பதைத் தமிழில் ஒரு பக்கம் எழுதி முதலிலேயே கொடுங்கள். 'திருத்தமெல்லாம் சேர்த்து ஒரே செய்தியாக அனுப்புங்கண்ணா' என்று மரியாதையாகச் சொன்னால் யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. பாதிப் பணம் முன்பணமாக வாங்கிவிட்டுத் தொடங்குங்கள். ஜிஎஸ்டி பதிவு இருந்தால் 18 சதவீதம் தொகைக்குள்ளா வெளியேவா என்பதையும் எழுதிவிடுங்கள். பில் போடும் நாளில்தான் இதில் சண்டை வரும்.

டொமைனைத் தன் பெயரில் வைத்துக்கொள்வது

இதை நான் தவறு என்று மட்டும் சொல்ல மாட்டேன், அநியாயம் என்பேன். கடைக்காரருக்குத் தெரியாது என்பதால் டொமைனை, அதாவது சைட்டின் முகவரியை, டிசைனர் தன் பெயரில், தன் மெயிலில் பதிவு செய்கிறார். பிறகு அவர் பெங்களூருக்கு வேலைக்குப் போய்விடுகிறார், எண்ணும் மாறிவிடுகிறது. புதுப்பிக்கச் சொல்லி வரும் மெயில் அவருக்குப் போகும், கடைக்காரருக்குப் போகாது. விசிட்டிங் கார்டிலும் கடைப் போர்டிலும் அச்சடித்த முகவரி ஒருநாள் வேறொருவர் கைக்குப் போய்விடும்.

டொமைன், ஹோஸ்டிங், கூகுள் மேப்பில் உள்ள கடைப் பதிவு மூன்றும் உரிமையாளரின் மெயிலில், அவர் போன் எண்ணில்தான் இருக்க வேண்டும். நமக்கு வேண்டிய அனுமதியை அவர் தரட்டும். வேலை முடிந்ததும் பதிவு செய்த இடம், புதுப்பிக்கும் தேதி, வருஷச் செலவு, சைட்டின் பேக்கப் இருக்கும் இடம், சைட்டின் இணைப்பைப் பாதுகாக்கும் எஸ்எஸ்எல் சான்றிதழ் தானாகப் புதுப்பிக்கப்படுகிறதா என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். கடைக் கணக்கைப் பார்க்கும் மகனோ மகளோ இருந்தால் அவர்களையும் பக்கத்தில் உட்காரவைத்து, ஒரு தடவை அவர்களே லாகின் செய்யட்டும். பாஸ்வேர்டையும் அவர்களே அப்போதே மாற்றிக்கொள்ளட்டும்.