எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு என்ன தொண்டு கிடைக்கும்?

என் மகள் எட்டாம் வகுப்பு. ஏதாவது தொண்டு செய்ய வேண்டும் என்று நச்சரித்துக்கொண்டே இருந்தாள். பாளையங்கோட்டையில் கேட்ட இடமெல்லாம் "18 வயது ஆகட்டும்" என்றார்கள். பள்ளியில் நாட்டு நலப்பணித் திட்டமும் பிளஸ் ஒன் வந்தால்தான். பிள்ளையின் ஆர்வம் அதுவரை காத்திருக்குமா?

கேள்வியை மாற்றினேன். "நானும் கூடவே வருகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு அவளுக்கென்று ஒரு வேலை தர முடியுமா?" பதிலும் மாறியது.

தாமிரபரணிப் பாசனக் குளங்களில் 2011 முதல் ஜனவரி மாதத்தில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. எண்ணுவதில் தன்னார்வலர்கள் பங்கெடுக்கிறார்கள். விடியற்காலையில் குளத்தங்கரையில் நின்றோம். பெரியவர் ஒருவர் தொலைநோக்கியில் பார்த்து, "நாமக்கோழி நாற்பது, நத்தைகுத்தி நாரை ஏழு" என்று சொல்லச் சொல்ல இவள் குறித்தாள். "இல்லை தாத்தா, நாரை எட்டு. ஒன்று மடைக்குப் பின்னால் நிற்கிறது" என்றாள். அவர் மறுபடி பார்த்துவிட்டு எட்டு என்றே எழுதச் சொன்னார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மற்ற மாதங்களில் பக்கத்துக் கிளை நூலகத்தில் சனிக்கிழமைகளில் புத்தகம் அடுக்குகிறாள். பள்ளியில் ஜூனியர் ரெட் கிராஸ் இருந்தால் விசாரியுங்கள். அது இந்த வயதுப் பிள்ளைகளுக்கானதுதான். பெற்றோர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதத்தை முதல் நாளே கொடுத்துவிட்டால் பொறுப்பாளர்களின் தயக்கம் பாதி குறைந்துவிடும்.