மச்சானின் மெனுவில் விலை காணாமல் போன கதை

உப்புவெளியில் மச்சான் திறந்த சாப்பாட்டுக் கடைக்கு இங்க்ஸ்கேப் என்ற வரைகலை மென்பொருளில் விலைப்பட்டியல் செய்து, பிஎன்ஜி படமாக அனுப்பினேன். உடனே அழைப்பு: "டேய், இறால் படம் மட்டும்தான் தெரியுது, விலை ஒண்டையும் காணேல்லை."

அவன் போன் டார்க் மோடில் இருந்தது. என் திரையில் வெள்ளையாகத் தெரிந்த பக்கம், ஃபைலில் பின்னணியே இல்லாத வெறுமை. கறுப்பு எழுத்து கறுப்பில் கரைந்துவிட்டது.

கன்ட்ரோல், ஷிஃப்ட், டி அழுத்தி ஆவணப் பண்புகளைத் திறந்தேன். பக்க நிறத்தின் குறியீட்டில் ஆறு எஃப் (அது வெள்ளை), அப்புறம் இரண்டு பூச்சியம். அந்தப் பூச்சியங்கள்தான் வில்லன்: ஆல்ஃபா, அதாவது நிறம் எவ்வளவு மறைக்கும் என்ற அளவு. அதையும் எஃப் எஃப் ஆக்கி மறுபடி எக்ஸ்போர்ட் செய்தேன், சரியாக வந்தது.

ஆனால் இங்க்ஸ்கேப் சேமிக்கும் மூல ஃபைலான எஸ்விஜியை பிரவுசரில் திறந்தால் பழைய கதை, பின்னணியே இல்லை! பக்க நிறத்தை இங்க்ஸ்கேப் தனக்கான குறிப்பாகத்தான் ஃபைலில் எழுதுகிறது, பிரவுசர் அதைக் கண்டுகொள்வதில்லை. கடைசியில் பக்க அளவுக்கே ஒரு வெள்ளைச் செவ்வகம் வரைந்து, தனி லேயரில் அடியில் போட்டுப் பூட்டினேன். (பூட்டாவிட்டால் வெற்றிடத்தைப் பிடித்து இழுத்தாலே அது நகர்ந்துவிடும்.)

இப்போது முதல் வேலையே செவ்வகம்தான். மச்சான் அதை வாழையிலைப் பச்சையாக்கச் சொல்கிறான்.