விகடகவியைத் திருப்பிப் போடுவது எப்படி? (பைத்தான், ஜாவாஸ்கிரிப்ட், கோ, ஸ்விஃப்ட்)

ஒரு சொல்லைத் திருப்பிப் போட்டாலும் அதே சொல் வருகிறதா என்று பார்ப்பது நிரல் பழகுபவர்களின் ஆரம்பப் பயிற்சி. ஆங்கிலச் சொல்லுக்கு ஒரே வரி போதும். அதே வரியில் 'விகடகவி'யைக் கொடுத்தால் 'இல்லை' என்று பதில் வரும். மென்பொருளை நிறுவி, நிரலை இயக்கத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் பைத்தான். சொல்லுக்குப் பின்னால் [::-1] போட்டு அச்சிடுங்கள். நமக்கு ஐந்து எழுத்து. கணினிக்கு வ, ி, க, ட, க, வ, ி என ஏழு குறியீடுகள். திருப்பியதும் ஒரு ி முன்னால் தனியாகத் தொங்கும், இன்னொன்று க-வோடு ஒட்டி 'கி' ஆகிவிடும்.

அதனால் முதலில் எழுத்துகளாகச் சேர்க்க வேண்டும். ஒரு காலிப் பட்டியல் வையுங்கள். குறியீடுகளை ஒவ்வொன்றாக எடுத்து, துணைக்குறி (ி, ா, புள்ளி போல முந்தைய எழுத்தோடு ஒட்டி வருவது) என்றால் பட்டியலின் கடைசி உறுப்போடு ஒட்டுங்கள். இல்லையென்றால் புதிய உறுப்பாகச் சேருங்கள். அப்புறம் பட்டியலைத் திருப்பி ஒப்பிடலாம்.

எது துணைக்குறி? இங்கேதான் பலரும் சிக்குவார்கள். பைத்தானின் 'யூனிகோட்டேட்டா' தொகுப்பிடம் ஒரு குறியீட்டின் வகையைக் கேட்டால், புள்ளிக்கும் ீ-க்கும் 'எம்என்' என்று சொல்லும். ி, ா, ு போன்றவற்றுக்கு 'எம்சி'. 'எம்என்' மட்டும் பார்த்தால் 'நீ' சரியாக வரும், 'தாத்தா' உடையும். வகையின் முதல் எழுத்து 'எம்'மா என்று மட்டும் பாருங்கள்.

கோ மொழியில் 'விகடகவி'யின் நீளம் கேட்டால் 21 என்று வரும், அது பைட் கணக்கு. முதலில் ரூன்களாக (குறியீடுகளுக்குக் கோ வைத்த பெயர்) மாற்றுங்கள். பிறகு பைத்தான் வழியேதான். துணைக்குறியைச் சோதிக்க 'இஸ்மார்க்' தயாராக இருக்கிறது.

ஜாவாஸ்கிரிப்டில் 'இன்டல் செக்மென்டர்' எழுத்துகளைப் பிரித்தே தரும். ஃபயர்ஃபாக்ஸில் இது 2024-இல் வந்த 125-ஆம் பதிப்பிலிருந்துதான் உண்டு.

ஸ்விஃப்டில் வேலையே இல்லை: எண்ணினால் 5, திருப்பினால் விகடகவி. இந்தப் பயிற்சிக்கு எனக்குப் பிடித்தது அதுதான். ஆனாலும் பைத்தான் சுழற்சியை ஒருமுறை கையால் எழுதிவிடுங்கள். உள்ளே நடப்பது அப்போதுதான் பிடிபடும்.

பிற்சேர்க்கை: 'மோரு போருமோ' தோற்கிறது என்று சிலர் எழுதியிருந்தார்கள். இடைவெளியை முதலில் நீக்குங்கள். அதன் பிறகும் தோற்றால் ோ-வைக் கவனியுங்கள். அது ஒரே குறியீடாகவும் இருக்கலாம், ே, ா என இரண்டாகவும் இருக்கலாம். திரையில் வித்தியாசமே தெரியாது. வெவ்வேறு இடங்களிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் இரண்டும் கலந்துவிடும். ஒப்பிடும் முன் 'நார்மலைஸ்' செய்து, அதாவது சீராக்கி, எல்லாவற்றையும் என்எஃப்சி வடிவத்துக்கு (ோ ஒரே குறியீடாக இருப்பது) கொண்டுவாருங்கள். ஸ்விஃப்ட் மட்டும் இரண்டையும் ஒன்றாகவே கருதும்.